வன்னி நிழலில் ஒரு கஹ்வா

பொம்மையார்பாளையத்தில் பிறந்தவனுக்கு மணல் புதிதா என்ன? கிழக்கே கடற்கரை, ஈ.சி.ஆரைத் தாண்டி மேற்கே போனால் மழை அறுத்துப் போட்ட செம்மண் ஓடைகள். சின்ன வயதில் அந்தப் பள்ளங்களில் இறங்கினால் வானம் மட்டும்தான் தெரியும். பாலைவனம் என்றால் இதுதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது மேட்டுப்பக்கம் முழுக்க இப்படிப் பொட்டலாகத்தான் கிடந்ததாம். இன்றைக்கு அங்கே காடு.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன், "நிஜப் பாலைவனத்தைப் பாருங்க மாமா" என்று வஹீபா மணற்காட்டுக்குக் கூட்டிப்போனான். பனீ வஹீபா என்ற குடியின் பெயர் அது. அரசாங்கக் காகிதத்தில் இப்போது ஷர்கியா மணல், அதாவது கிழக்கு மணல். வடக்கு தெற்காகச் சுமார் 180 கிலோமீட்டர். பிதியா ஊர் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றை இறக்கினான். காற்றடிக்கக் கடை தேடியே பழகிய எனக்குத் திக்கென்றது. டயர் தளர்ந்து அகலமாகப் பதிந்தால்தான் மணலில் புதையாதாம். மேலேறும்போது வண்டி வலை இழுக்கும் படகு மாதிரி முனகியது.

கறுப்புக் கூடாரம், ஒட்டக வரிசை என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். நாங்கள் போன பதூ (பாலைவன நாடோடி) பெரியவரின் இடத்தில் ஈச்ச ஓலைக் கொட்டகை, நீலத் தண்ணீர்த் தொட்டி, ஒரு பிக்கப். அதன் பின்பக்கம் ஒட்டகம் ஒன்று மடங்கி உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் படிப்பதற்காகப் பிதியாவில் வீடு. கோடையில் பேரீச்சை பழுத்தால் குடும்பமே தோப்புக்குப் போய்விடும். கிடை போட இடம் மாறும் நம்ம ஊர்க் கீதாரிகள் நினைவுக்கு வந்தார்கள்.

பேரீச்சை வந்தது. பிறகு ஏலக்காய் மணக்கும் அரபுக் காபியான கஹ்வா, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் கால்வாசி. குடித்துவிட்டு நீட்டினேன், ஊற்றினார். நீட்டினேன், மறுபடி ஊற்றினார். ஐந்தாவது தடவை மருமகன் முழங்கையால் இடித்தான். "கோப்பையை லேசா ஆட்டிக் கொடுங்க மாமா. ஆட்டலைன்னா இன்னும் வேணும்னு அர்த்தம்." சர்க்கரை இல்லாத கசப்பு, நடுநிசி வரை தூக்கம் வரவில்லை.

கொட்டகைக்கு நிழல் தந்தது ஒரு மரம். அவர்கள் காஃப் என்கிறார்கள். ஒட்டகத்தின் வாய் எட்டும் உயரம் வரை அடிப்பக்கம் கத்தரித்தாற்போல் மட்டமாக இருந்தது. கிளையை இழுத்துப் பார்த்தேன்: சின்ன முள், பொடி இலை. விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியேதான்! வேர் ஆழத்துக்குப் போய் நீரைத் தேடிக்கொள்ளும். மழை இல்லாத வருஷத்திலும் பச்சை போகாது. விஜயதசமிக்கு அம்பு போட மட்டுமே நாம் நினைக்கிற மரம், இங்கே தீவனமும் கூரையும்.

"எங்க ஊர்ல இது சாமி மரம், ஆடு பக்கத்துலகூடப் போகாதுன்னு சொல்லுடா" என்றேன். சொன்னான். பெரியவர் சிரித்துவிட்டு ஏதோ கேட்டார்.

"அப்போ உங்க ஆடு எதைத் திங்குதுன்னு கேக்கறாரு."

வேலிகாத்தான் என்றேன். அதற்கு அரபியில் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. வரும் வழியில், பிதியா சாலையோரம் அதுவும் மண்டிக் கிடந்தது, கைகாட்டினான்.