தலை ஒன்றுடைய அரக்கன்

அரக்கன் கதை என்றதும் எங்கள் பிள்ளைகள், "அவனுக்கு எத்தனை தலை?" என்றே கேட்கின்றனர். சித்தூரில் பிறந்த நாங்கள் சொல்லும் அரக்கனுக்குத் தலை ஒன்றுதான். தெலுங்கில் அவன் 'பாலேகாடு'; தமிழில் பாளையக்காரன். காக்க வேண்டியவனே ஊர்ப் பெண்களைச் சீரழித்தான் என்பது திருப்பதி வட்டாரத்தில் வழங்கும் கதை.

அவிலாலா என்னும் சிற்றூரில் கைகால குடும்பத்தார் வளர்த்த கங்கம்மாவின் மேலும் அவன் கண் விழுந்தது. அவள் தன் பேருருவைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். பைராகியாகவும் தோட்டியாகவும் வேடம் மாற்றித் தேடியும் அகப்பட்டானில்லை. இறுதியில் துரை வேடம் பூண்டு வந்தாள். பெரிய துரைக்கு வணக்கம் செலுத்த வேண்டுமே! வெளியே வந்தான், தலை உருண்டது. இக்கதையைக் கட்டியவர்கள் அதிகாரிகளை நன்கு அறிந்தவர்கள் போலும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலில் ஒரு வாரம் ஜாத்திரை நிகழும். இவ்வேடங்களைக் கைகால வழியினரே இன்றும் புனைகின்றனர். வேங்கடவன் அவளுக்கு அண்ணன் என்பதால் தேவஸ்தானத்திலிருந்து சேலையும் மஞ்சளும் பிறந்தகத்துச் சீராக வரும். மீசைக்கார ஆடவரும் நேர்ந்துகொண்டு சேலை உடுத்தி, வளையலும் சடையும் பூண்டு வருவர். சிரிப்போரும் உண்டு. நாங்களோ மகளுக்கு முன் மகனுக்கே இக்கதையைச் சொல்லுகிறோம்.

எங்கள் தம்பி பத்து வயதில் அவ்வாறு சேலை கட்டிச் சென்றான். கூட்டத்தில் இருமுறை தடுக்கி விழுந்தான். அன்று மாலை அம்மாவிடம், "இதைக் கட்டிக்கொண்டா நாள் முழுதும் தண்ணீர் சுமக்கிறாய்?" என்று கேட்டான்.