வழிகாட்டும் படங்களும் அமானிதமே



உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் இன்று பயணப் பையைக் கட்டுவதற்கு முன்பே கைப்பேசியைத் திறக்க வேண்டியிருக்கிறது. மதீனாவில் ரவ்ளா ஷரீஃபினுள் தொழ விரும்புவோர், நுசுக் என்னும் செயலியில் நேரத்தை முன்பதிவு செய்து அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரங்கள் தனித்தனி. மூத்தவர்களுக்கு இது எளிதன்று. ஆகவே, திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தமிழ் விளக்கம் சேர்த்து இணையத்தில் வெளியிடும் வழிகாட்டிக் கட்டுரைகள் பெருகியுள்ளன. நற்பணிதான். எனினும், அதில் இடும் ஒவ்வொரு படத்திற்கும் நமக்குப் பொறுப்புண்டு.

நம் மஹல்லாவின் மூதாட்டி ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். அவர் நம்பிச் சென்ற வழிகாட்டியின் கடைசிப் படத்தில், வேறொருவரின் அனுமதிச் சீட்டு கியூஆர் குறியீட்டுடன் அப்படியே இருந்தது. 'மாதிரி' என்ற ஒரு சொல் அதில் இல்லை. அதையே தமக்குரிய சீட்டென எண்ணிக் கைப்பேசியில் சேமித்து, வாயிலில் நீட்டினார். காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டனர். மறுநாள் காலை அவருடைய குழு மதீனாவை விட்டுப் புறப்பட்டுவிட்டது. "படத்துல இருந்ததத்தானே ஹஜ்ரத் காட்டினேன்?" என்று ஊர் திரும்பியதும் அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் பிழையேதும் இல்லை.

அதன்பின் மதரஸாவின் மூத்த மாணவர்களுடன் அமர்ந்து இத்தகைய வழிகாட்டிகளைத் தயாரிக்கும்போது, சில நெறிகளை நாம் கைக்கொண்டு வருகிறோம்.

முதலாவது, சொல் முன்னே, படம் பின்னே. படங்களை எல்லாம் நீக்கிவிட்டாலும் கட்டுரை தனித்து நின்று வழிகாட்ட வேண்டும். நாம் அறிந்த பார்வையற்ற ஹாஃபிழ் ஒருவர், திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியைக் கொண்டே கைப்பேசியைப் பயன்படுத்துகிறார். படத்துக்குள் மட்டும் எழுதப்பட்ட விளக்கம் அவரைச் சரிவரச் சென்றடைவதில்லை. ஆகவே விளக்கத்தைக் கட்டுரையிலேயே எழுதுகிறோம். படத்திற்குரிய மாற்றுரையிலும் அது எதைக் காட்டுகிறது என்பதை ஒரு வரியில் குறிக்கிறோம். 'பெயரை எழுதுக' போன்ற எளிய படிக்குப் படமே தேவையில்லை. எங்கே அழுத்துவது என்று கண் தேடித் தடுமாறும் இடத்தில்தான் படம் வேண்டும்.

இரண்டாவது, ஒரு படத்தில் ஒரே செயல். ஐந்து அம்புகளும் மூன்று வட்டங்களும் நிறைந்த படம் எதையும் காட்டுவதில்லை. தேவையற்ற பகுதியை வெட்டலாம். ஆனால் பொத்தானை மட்டும் தனித்து வெட்டினால், அது திரையின் மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று புரியாது. சுற்றுப்புறம் சற்றே தெரிய வேண்டும். படி எண்ணைப் படத்தின் மீதே எழுத வேண்டும். ஏனெனில் வாட்ஸ்அப்பில் பகிரும்போது படங்கள் ஒருபுறமும் விளக்கம் மறுபுறமுமாகப் பிரிந்துவிடுகின்றன.

மூன்றாவது, வாசகர் காணும் அதே திரையைக் காட்ட வேண்டும். செயலி அரபியில் இருந்தால் திரையின் அமைப்பே வலமிருந்து இடமாக மாறிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து ஆங்கிலத் திரையில் தேடுபவர், பின்செல்லும் அம்புக்குறியை எதிர்ப்பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். பொத்தானில் ஆங்கிலச் சொல் இருந்தால், அதே எழுத்துகளில் அதை எழுதிப் பின்பு தமிழில் பொருள் கூற வேண்டும். நாமாக மொழிபெயர்த்த பெயரை மட்டும் எழுதினால், திரையில் இல்லாத சொல்லை அவர் தேடுவார்.

நான்காவது, மறைக்க வேண்டியதை மறைத்தல். பிறருடைய கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, கைப்பேசி எண், நம் பெண்களின் முகப்படம் ஆகியவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றை மங்கலாக்குவது போதாது. மங்கிய எழுத்தை மீட்டெடுக்கும் வழிகள் உண்டு. ஹைலைட்டர் கோடும் போதாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ளது தெரிந்துவிடலாம். முழுக்கறுப்புக் கட்டத்தால் மூட வேண்டும். 2023ஆம் ஆண்டில் கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தக் கருவியில் ஒரு குறை வெளிப்பட்டது: பயனர் வெட்டி நீக்கியதாக எண்ணிய பகுதி கோப்பினுள்ளேயே தங்கி, மீட்டெடுக்கக் கூடியதாக இருந்தது. பின்னர் அக்குறை சரிசெய்யப்பட்டது. ஆயினும் கற்பனைப் பெயரும் கற்பனை எண்ணும் இட்டுப் படமெடுப்பதே, இயலும் இடங்களில், எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. அனுமதிச் சீட்டைக் காட்ட நேர்ந்தால் குறியீட்டை முழுவதும் மூடி, குறுக்கே பெரிய எழுத்தில் 'மாதிரி' என்று எழுதுகிறோம்.

ஐந்தாவது, தேதி. உம்ரா அனுமதிக்கு 2020இல் இஃதமர்னா என்ற செயலி வந்தது; 2022இல் நுசுக் அறிமுகமானது. செயலிகளின் திரைகள் அடிக்கடி மாறுகின்றன. பழைய படத்தை நம்பியவர் இல்லாத பொத்தானைத் தேடித் தம் மீதே குறை காண்பார். எனவே படமெடுத்த மாதத்தையும் ஆண்டையும் கட்டுரையின் தலைப்பிலேயே குறிக்கிறோம். திரை மாறினால் படத்தையும் மாற்றுகிறோம்.

இவையனைத்தும் முடிந்தபின், செயலியை ஒருபோதும் திறந்திராத ஒருவரிடம் வழிகாட்டியைக் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் அமர்ந்து பார்க்கிறோம். அவர் விரல் தயங்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

சகோதர சகோதரிகளே! வீட்டிலிருந்து ஒரு படத்தை அனுப்பும்போது, அதைக் கையில் ஏந்தித் தொலைதூர வாயிலில் தனித்து நிற்கப்போகும் ஒரு தாயை நினைவில் கொள்வோம். அருகிலிருந்து சொல்லிக்கொடுக்க நாம் அங்கே இருக்கமாட்டோம். பிறருக்கு வழிகாட்டும் பணியைக் கவனத்தோடும் நேர்மையோடும் செய்ய அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. அந்த மூதாட்டியையும், ஏங்கும் ஒவ்வோர் உள்ளத்தையும் மதீனாவுக்கு மீண்டும் அழைப்பானாக. ஆமீன்.