திங்கட்கிழமைக் கடிதம்

வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, சட்டைப் பையின்மேல் கறுப்புப் பெயர் அட்டை. இப்படி இரண்டு இளைஞர்கள் சேர்ந்தே நடந்து போவதைப் பட்டணத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். மோர்மன்கள் என்று அவர்களைச் சொல்வது வழக்கம். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தச் சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. வெள்ளைக்காரப் பிள்ளைகள்தாம் இந்த ஊழியத்துக்குப் போவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்த என் பெரியக்காள் மகனும் போனான். 2013-ஆம் ஆண்டு தொடக்கத்தில், இரண்டு வருட ஊழியத்துக்குப் பிலிப்பீன்ஸ் நாட்டுக்குப் போனான்.

அக்காள் மாரியம்மனை விட்டு அசையாதவள். அவள் எப்படிச் சம்மதித்தாள் என்று தோட்டத்தில் கேட்காத ஆள் இல்லை. காரணம் சிறியது. அத்தானைச் சம்சு கொண்டுபோய்விட்டது. அப்போது பையனுக்கு ஒன்பது வயது. "எங்கள் சபையில் குடி இல்லை, சிகரெட் இல்லை" என்று அவன் சொன்னதும் அக்காள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணியும் காப்பியும்கூட ஆகாது என்று தெரிந்தபோதுதான், "தேத்தண்ணி என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

இந்த ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது. தன் பங்குச் செலவுக்காக அவன் இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை செய்து பணம் சேர்த்தான். மணிலாவில் பயிற்சி முடிந்ததும் லகுனா ஏரிப் பக்கம் அனுப்பினார்கள். காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, பசியாறல், பிறகு வேத வாசிப்பும் மொழிப் படிப்பும். பத்து மணிபோல் வெளியே இறங்கினால் இரவு ஒன்பது வரை நடை. பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். சினிமா இல்லை, தொலைக்காட்சி இல்லை. கூட்டாளியை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. துணி துவைப்பதும் சாமான் வாங்குவதும் வாரத்தில் ஒரு நாள்தான். அவர்களுக்கு அது திங்கட்கிழமை. ஏழரை மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த ஓர் ஆசிரியன் படும் பாட்டை அறிந்தவன் நான். இருபது வயதுப் பையன்கள் அடிக்க ஆளில்லாமல் இப்படி நடப்பது லேசான காரியமல்ல.

மொழி மட்டும் அவனுக்குச் சிரமம் தரவில்லை. நம் மலாய்க்கும் தகாலோக் மொழிக்கும் அவ்வளவு உறவு! பிள்ளைக்கு அங்கும் 'அனாக்', கண்ணுக்கு 'மாத்தா', ஐந்துக்கு 'லீமா', வானத்துக்கு 'லங்கிட்'. "மாமா, பாதிப் பாடத்தை நீங்கள் பள்ளியிலேயே நடத்திவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தான்.

அந்நாளில் வீட்டாரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு தடவைதான் அனுமதி: அன்னையர் தினம், கிறிஸ்துமஸ். மற்றபடி திங்கட்கிழமை மின்னஞ்சல்தான். அவன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி எனக்கு அனுப்புவான். நான் அதை நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி, மாலையில் அக்காளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் சொல்லும் பதிலை அப்படியே எழுதி அனுப்புவேன்.

முதல் கடிதத்தோடு ஒரு படம் வந்தது. தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதல்லவா? கடப்பிதழில் உள்ள தகப்பன் பெயரையே அட்டையில் போட்டுவிட்டார்கள். 'எல்டர்' என்று போட்டு, அதன் பக்கத்தில் அத்தான் பெயர். அந்த ஊரில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். தோட்டத்தில் கடைசிக் காலத்தில் அந்தப் பெயரை மரியாதையோடு சொன்னவர்கள் குறைவு. அக்காள் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான்காம் மாதம் வந்த கடிதம் மனத்தைச் சங்கடப்படுத்தியது. அங்கே முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறவர்கள் குறைவாம். உள்ளே அழைத்து, உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, எல்லாம் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்பார்களாம். வருவதில்லை. அவர்களில் ஒருவர் குடியை விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மறுவாரம் போனபோது போதையில் கிடந்தார். பிள்ளைகள் பார்த்திருக்க அவரைக் கண்டபடி திட்டிவிட்டு வந்ததாகவும், தான் இந்த வேலைக்கு லாயக்கில்லை, திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றுவதாகவும் எழுதியிருந்தான்.

அக்காள் இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவள். அன்று அவள் சொன்னது நோட்டுப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது:

"புது ஆளு, நெறைய பால் வரட்டும்னு ஆழமா வெட்டுவான். மரம் காயப்பட்டுடும். அந்த எடத்துல பட்டை திரும்ப ஒழுங்கா வளராது, முண்டு முண்டா நிக்கும். பின்னால வர்றவனும் அதுல வெட்ட முடியாது. உங்கப்பாவைத் திட்டாத ஆளு உண்டா? நானே எவ்வளவு திட்டியிருக்கேன். ஒரு நாளாவது அதனால விட்டாரா? மழை பேஞ்சா அன்னிக்கு வெட்டு இல்லதான். அதுக்காகக் கத்தியத் தூக்கி எறிஞ்சிட்டா வந்தோம்? நீ திரும்பப் போ. சாமி பேச்சு எடுக்க வேணாம். அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாவது செஞ்சிட்டு வா."

தன் மதத்துக்கு ஆள் சேர்க்கப் போன மகனுக்கு, அந்த மதத்தில் சேராத தாய் சொன்ன தைரியம் இது. சபைப் பெரியவர்களும் அவனுக்கு எவ்வளவோ சொல்லியிருப்பார்கள். அவன் தன் வேதப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டது இதைத்தான். திரும்பிப் போனான். அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். கூரையில் தகரம் மாற்ற ஒத்தாசை செய்தான். அந்த மனிதர் குடியை விட்டாரா என்ற செய்தி எந்தக் கடிதத்திலும் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்று ஒரு முறை எழுதினான். "நம்ம அமாவாசை மாதிரிதான்" என்று அக்காள் திருப்திப்பட்டுக்கொண்டாள். அதிலிருந்து அவளும் அந்த ஞாயிறுகளில் ஒரு பொழுதுதான் சாப்பிட்டாள். மகனுக்கு அதை எழுத வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

2013 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஹையான் புயல் பிலிப்பீன்ஸைத் தாக்கியது. தக்லோபான் நகரத்தைக் கடல் ஏறி அழித்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவன் இருந்தது அங்கிருந்து வெகு தொலைவில் என்று படத்தை விரித்துக் காட்டினேன். படம் பார்த்து ஆறுகிற மனமா தாய்மனம்? கோயிலுக்குப் போய் மகன் பெயருக்கும், கூட இருக்கும் அமெரிக்கப் பையன் பெயருக்கும் அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள். "அந்தத் தம்பிக்கு நட்சத்திரம் என்னம்மா?" என்று பூசாரி கேட்க, "அதுக்கும் ஒரு தாய் இருக்கா. எந்த நட்சத்திரமா இருந்தா என்ன, சொல்லுங்க சாமி" என்றாள்.

திங்கட்கிழமை மாலை ஐந்து வரிக் கடிதம் வந்தது. தான் சுகம், தக்லோபானில் ஊழியம் செய்த தங்கள் சபைப் பிள்ளைகளும் உயிர் தப்பிவிட்டார்கள், நிவாரணப் பொட்டலம் கட்டப் போகிறோம். அவ்வளவே. அக்காள் அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

2015-இல் இளைத்துக் கறுத்து வந்து சேர்ந்தான். அவன் இன்னும் அந்தச் சபையில்தான் இருக்கிறான். அக்காள் இன்னும் மாரியம்மனிடம்தான் இருக்கிறாள். 2019 பிப்ரவரி முதல் ஊழியக்காரப் பிள்ளைகள் வாரந்தோறும் வீட்டாரோடு பேசலாம் என்று சபையில் மாற்றிவிட்டார்கள். அதைச் சொன்னபோது அக்காள், "நல்லது, இனிமே போற புள்ளைங்களோட தாய்மாருங்க தூங்குவாங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள்.