தம்பியின் பங்கு

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் நகருக்கு அணித்தேயுள்ள ரப்பர்த் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் சீவிய பெரியவர் ஒருவர் 2003ஆம் ஆண்டில் காலமானார். சங்கத் தலைவராகவோ, கோவில் தலைவராகவோ அவர் இருந்ததில்லை. செய்தித்தாளில் அவர் பெயர் வந்தது ஒரே ஒரு நாள். அதுவும் மரண அறிவித்தல். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டனர். எல்லா ஊர்வலங்களிலும் கேட்கக்கூடிய சொல்தான் அது. அவரைப் பொறுத்தவரை அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது வீட்டாருக்கே தெரியும்.

1943ஆம் ஆண்டில் அவர்தம் தந்தையைச் சப்பானியர் சயாம் - பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களுள் திரும்பாதவர் பல்லாயிரவர். அவருள் அத்தந்தையும் ஒருவர். அப்பொழுது மகனுக்கு வயது பதின்மூன்று. தாய், ஒரு தங்கை, ஏழு வயதுத் தம்பி ஆகிய மூவரும் அந்தச் சிறுவனின் பொறுப்பாயினர். அரிசி காணக் கிடைக்காத காலம் அது. லயத்தின் பின்புறம் மரவள்ளி நட்டு, கிழங்கை அவித்து, முதலில் ஒரு துண்டை எடுத்துத் தனியே வைப்பான் அவன். 'தம்பி பங்கு' என்று அதற்குப் பெயர். மற்றவர்கள் உண்பது அதற்குப் பின்னர்தான். போர் முடிந்து அரிசி வந்தது. அவனும் வளர்ந்து தோட்டத்து ஆளானான். அந்தச் சொல் மட்டும் அவ்வீட்டை விட்டுப் போகவில்லை.

1946இல் உளியைக் கையிலெடுத்தவர் ஓய்வு பெறும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை. மணமான பின் மனைவியும் மரம் சீவச் சென்றார். கைக்குழந்தைகள் ஆயக்கொட்டகையில். தம் நிரையை விரைந்து முடித்துவிட்டு மனைவியின் நிரைக்குச் சென்று கோட்டுப்பாலை உரித்துக் கொடுப்பதும், அவருடைய பால் வாளிகளையும் தாமே காண்டாவில் சுமந்து வருவதும் அவர் வழக்கம். மற்ற ஆண்கள் கேலி செய்வார்கள். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அக்காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தனர். வேலையோடு வீடும் போய்த் தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குமாறு தொழிலாளரிடம் வேண்டினார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் உடைமையாயிற்று என்ற செய்தி பரவியதும் பெரியவரும் பங்கு வாங்கினார். ஒன்றல்ல, இரண்டு, தம் பெயரில் ஒன்று, தம்பியின் பெயரில் ஒன்று. தம்பியோ கைக்கு வந்ததைச் செலவிட்டுவிடும் இயல்பினர். இரண்டுக்கும் தவணை கட்டியவர் தமையனே.

குடியுரிமையை மட்டும் ஒருவருக்காக மற்றொருவர் வாங்க இயலாதே! 1957இல் நாடு விடுதலை பெற்றதும் தமையன் பதிவு செய்துகொண்டார். தம்பியின் பிறப்புப் பத்திரம் சப்பானியர் காலத்தில் தொலைந்துபோயிருந்தது. "இங்கேயே பொறந்தவனுக்கு எதுக்கண்ணே காகிதம்?" என்று அவர் நாளைக் கடத்தினார். 1969க்குப் பின்னர், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. தம்பிக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. 1970இல் மனைவி மக்களுடன் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். "ரெண்டு வருசத்துல வந்துடுவேன் அண்ணே" என்றார். "போனதும் கடுதாசி போடு" என்றார் தமையன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அன்றிரவு உணவுக்கு அமர்ந்தவர், "தம்பி பங்கை எடுத்து வச்சியா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

கப்பற்செலவுக்காக அவர் கொடுத்தது, மூத்த மகனின் படிப்புக்கென்று வைத்திருந்த பணம். அம்மகன் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு மரம் சீவ வந்தான். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் வேரூன்ற முடியாமல் தவித்த தம்பிக்கு மாதந்தோறும் பணமும் சென்றது. மூத்தவனுக்கு இதில் மனக்குறை உண்டு. தாய்க்கும் உண்டு. அக்குறை நியாயமானதே, ஒருவரது அன்புக்கு இன்னொருவர் விலை கொடுக்க நேர்ந்ததை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது முறையன்று. பெரியவர் அதற்கு விளக்கம் சொன்னதே இல்லை. ஆனால் மற்ற நான்கு பிள்ளைகளும் படித்தனர். நான்காமவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகி முதற் சம்பளத்தைத் தந்தையிடம் நீட்டியபோது, "என்கிட்ட கொடுக்காதே, அண்ணன் கையில கொடு" என்றார். மூத்தவர் அதை வாங்கிக்கொண்டு வெளியே போய் வெகுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

தம்பிக்குரிய கடிதங்களை இரண்டாவது மகள் எழுதுவாள். ஐந்தாம் வகுப்பில் தொடங்கிய வேலை அது. 1977இல் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்ற பின்னும் விடுமுறை நாளில் அவளே எழுத வேண்டும். அவர் சொல்லும் முதல் வரி எப்பொழுதும் 'இங்கு யாவரும் நலம்' என்பதே. ஒருமுறை அவருக்குக் கடுங்காய்ச்சல். "அப்பா, காய்ச்சல்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள் மகள். "கடல் தாண்டிப் போற கடுதாசியில காய்ச்சலையா ஏத்தி அனுப்புவாங்க? நலம்னு எழுது" என்றார்.

ஒருமுறையேனும் கப்பலேறித் தம்பியைப் பார்த்துவர எண்ணியிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு செலவு குறுக்கே வந்தது. 1984இல் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அக்கப்பற்போக்குவரத்தும் முடிந்தது. 1991இல் தம்பி இறந்த செய்தி தந்தியில் வந்தது. தலைமுழுகிவிட்டு வந்து, தம்பி மகனுக்கு மகளிடம் கடிதம் எழுதச் சொன்னார். அன்று மட்டும் முதல் வரியை அவர் சொல்லவில்லை.

முதுமையில் இளைய மகனின் தாமான் வீட்டில் வாழ்ந்தார். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. கூரை மாற்றவும் திருமணச் செலவுக்கும் கை முட்டிய போதெல்லாம், தம்பியின் பங்கை எடுத்தாலென்ன என்று வீட்டில் பேச்செழுந்ததுண்டு. "அவனுக்கு இந்த நாட்டுல ஒரு பிடி மண்ணாவது இருக்கட்டும்" என்பார். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

அவர் மறைவுக்குப் பின் கணக்கு வழக்குகளைப் பார்த்தவர் மூத்த மகன். தந்தையின் பங்கைத் தாயின் பெயருக்கு மாற்றினார். மற்றொரு சீட்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். தஞ்சையிலிருக்கும் சித்தப்பா மகனுக்கு, என்னென்ன பத்திரங்கள் அனுப்ப வேண்டும் என்று கேட்டுத் தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார்.