வாகை யாருக்கு உரியது?

தேர்தல் முடிவு வந்தாலும் கிரிக்கெட் கோப்பை கைக்கு வந்தாலும் நம் செய்தித்தாள்கள் கையில் எடுப்பது ‘வாகை சூடினார்’ என்ற தொடரைத்தான். ‘வென்றார்’ என்பதற்குச் சற்று அலங்காரமான மாற்றாக அது சுருங்கிவிட்டது. தோற்றவர் ஒருவர் இருந்தால்தான் வாகை உண்டு என்றே நினைக்கப் பழகிவிட்டோம். தொல்காப்பியப் புறத்திணையியல் அப்படி நினைக்கவில்லை. ஆநிரை கவர்வதற்கு வெட்சி, படையெடுப்புக்கு வஞ்சி, மதில் முற்றுகைக்கு உழிஞை, நேருக்கு நேர் பொருவதற்குத் தும்பை என்று போரின் வேலை பெரும்பாலும் வேறு திணைகளுக்குப் போய்விடுகிறது. வாகைக்கு அது தரும் இலக்கணம், அவரவர் தமக்குரிய இயல்பைக் குற்றமில்லாமல் மேம்படுத்திக் காட்டுவது. அதனால்தான் அங்கே அரசரோடு அறிவரும் தவம் செய்வோரும் இடம்பெறுகிறார்கள். பிழை செய்தவரைப் பொறுத்துக் காப்பதும், அரியணையையே துறந்து போவதும் வாகையின் துறைகள். பொறுத்தவனுக்கும் துறந்தவனுக்கும் வெற்றிப் பூவைக் கொடுத்த இந்த இலக்கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை, பகையரசரைக் கொன்று வாகை சூடி ஆரவாரிப்பதைத்தானே வாகை என்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். அதே நூல்தான் வாணிக வாகை, வேளாண் வாகை, அறிவன் வாகை, தாபத வாகை என்றும் தனித்தனியே பெயர் சூட்டுகிறது. உழுதவனும் விற்றவனும் யாரைக் கொன்றார்கள்? மரத்தின் கதையும் ஒற்றைப் பொருளில் அடங்குவதில்லை. நன்னன் என்ற சங்ககாலக் குறுநில மன்னனின் காவல் மரம் வாகை. சேரன் அதை வெட்டி வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. வெற்றிக்குப் பெயர்போன மரமே தோற்றவன் பக்கம் நின்றிருக்கிறது. பூவும் கம்பீரமான பூ அன்று. இதழ் கண்ணில் படாது. வெளிர் பச்சையும் வெண்மையுமாக மெல்லிய இழைகள் சிலிர்த்து நிற்கும், மணம் மட்டும் தூக்கலாக இருக்கும். குறுந்தொகைப் புலவர் ஒருவருக்கு அது மயிலின் கொண்டையாகத் தெரிந்திருக்கிறது. கோடையில் அதன் வெளுத்த நெற்றுகள் காற்றில் கலகலப்பதைக் கயிற்றின் மேல் ஆடுவோரின் பறையொலியாகக் கேட்டவரும் அதே தொகையில் உண்டு.

புழக்கத்தில் பொருள் மாறுவது இயல்பு, பழைய இலக்கணத்தைக் காட்டி இன்றைய பேச்சைத் திருத்தக் கூடாது என்பது வலுவான மறுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன், விளையாட்டுச் செய்தியிலிருந்து வாகையைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் பழைய பொருள் செத்துவிடவும் இல்லை. 2011-இல் வந்த ‘வாகை சூட வா’ படம் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியரின் கதை. அந்தத் தலைப்பு பொருந்தவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனவே எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முப்பது ஆண்டு பிசகாமல் பாடம் நடத்தி ஓய்வு பெறும் ஆசிரியரையும், நல்ல விளைச்சல் எடுத்த உழவரையும் பற்றி எழுதும்போது ‘வாகை சூடினார்’ என்றே எழுதுங்கள். இலக்கணம் இடம் தருகிறது.