ஆரம்பாக்கத்தில் இறங்க வேண்டும்

சொந்த நாட்டைத் தெரிந்துகொள்ள நாயோடு வண்டியேறுவது என்றாலே பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஜான் ஸ்டைன்பெக் நினைவுக்கு வருவார். 1960இல் சார்லி என்ற பூடில் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றியவர் 1962இல் அதை நூலாக்கினார். அதிலுள்ள உரையாடல்கள் பலவும் புனைவாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னாளில் அதே தடத்தில் போன பத்திரிகையாளர் பில் ஸ்டைகர்வால்ட் வாதிட்டார். நான் அதை நம்புகிறேன். தூரம் கூடக்கூட ஒவ்வோர் ஊருக்கும் மிஞ்சும் நேரம் குறைகிறது. பார்க்காததைக் கற்பனை நிரப்பிவிடுகிறது. நம் தொழிலின் திறமை எங்கே இறங்குவது, எத்தனை நாள் தங்குவது என்பதில் இருக்கிறது. நாய் அதற்கு உதவும். தண்ணீருக்கும் நடைக்கும் அது நம்மை இறக்கியே தீரும்.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தைப் பாருங்கள். வண்டியிலிருந்து தெரிவது லாரிகளும் சோதனைச்சாவடியும்தான். கிழக்கே, இந்தியாவில் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு கிடக்கிறது. அந்த ஏரியின் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு: வலை போடும் இடங்களைத் தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுற்றிவரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த உரிமை பரம்பரையாகப் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தாருடையது; கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை. ஒருநாள் வந்துபோகிறவர் கண்ணில் படுவது வலை போட்டிருப்பவர் மட்டுமே. அன்று முறை இல்லாதவரையும், என்றைக்குமே முறை இல்லாதவரையும் பிரித்தறியத் தங்கத்தான் வேண்டும்.

ஓர் ஊரில் தங்கினால் அந்த ஊர்தானே தெரியும், நாடு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே கிடைக்கும் கேள்வி வண்டியில் கூடவே வரும். முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் எந்த ஏரிப் பாசன ஊரிலும், முறை யாருக்கு, யாருக்கு இல்லை என்று கேட்கலாம். கருவாடு காயும் கரையில் நாய் தொல்லைதானே என்பது இன்னொரு மறுப்பு. தொல்லைதான். ஊர் நாய்களும் வெளிநாயைச் சேர்க்காது. வாரைப் பிடித்துக்கொண்டு, ஊராரிடம் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். அப்படிக் கேட்பதிலேயே பேச்சும் தொடங்கிவிடும்.

வடக்கே போகிறவர்கள் ஆரம்பாக்கத்தில் கிழக்கே திரும்புங்கள். சில நாளாவது தங்குங்கள். பூநாரைகள் மேயும் சேற்றுப் பக்கம் மட்டும் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.