கட்டில் கழியும் சீட்டு

சீட்டாட்டம் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் கத்தோலிக்க இல்லங்களில் முகம் சுளிப்போர் பலர். அதில் நியாயமும் உண்டு. பணம் வைத்தாடும் சீட்டினால் குடிமுழுகிய குடும்பங்களை நாம் அறியாதவர்களல்லர். ஆயினும் ஈண்டு நான் கூறவிழைவது வேறொரு வகைச் சீட்டைப் பற்றியது.

அமெரிக்க நாட்டுப் பங்கு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில் அதனை அறிந்தேன். ‘மேஜிக்: த கேதரிங்’ என்பது அதன் பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் அமைத்த இவ்விளையாட்டு 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் எல்லோருக்கும் பொதுவான கட்டு இல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளினின்று அவரவர் தமக்கெனத் தெரிந்தெடுத்து ஒரு கட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் கட்டு 60 சீட்டுகளுக்குக் குறையலாகாது. அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடைய சீட்டு நான்கிற்கு மேற்படலாகாது. நிலச் சீட்டுகளே ஆற்றலைத் தருவன; அவ்வாற்றலைச் செலவிட்டே ஏனைய சீட்டுகளைக் களத்தில் இறக்க இயலும்.

எங்கள் பலிபீடச் சிறுவருள் பதினான்கு வயதினன் ஒருவன் சனிக்கிழமை மாலைகளில் பங்கு மன்றத்தில் இதனை ஆடுவான். அவனிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும், எந்தச் சீட்டு பயன்பட்டது, எது இறுதிவரை கையிலேயே முடங்கிக் கிடந்தது என்று எழுதி வைப்பான். அடிக்கடி முடங்கும் சீட்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பான்.

“நல்லவை எல்லாவற்றையும் சேர்த்து எழுபதாக்கிவிட்டால் என்ன?” என்று வினவினேன்.

அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். 60 சீட்டுக் கட்டில் நான்கு படிகளாக உள்ள ஒரு சீட்டு, தொடக்கத்தில் எடுக்கும் ஏழு சீட்டுகளுள் ஒரு முறையேனும் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40. கட்டு எழுபதானால் அது 35 ஆகக் குறைந்துவிடும். வேண்டாததைச் சுமப்பவனுக்கு வேண்டியது வேண்டிய வேளையில் வந்து சேராது என்பது இதன் பொருள். நம் இல்லங்களின் வீண் செலவுகளுக்கும், பங்குகளில் பயனிழந்த பின்னும் தொடரும் கூட்டங்களுக்கும் இது எத்துணைப் பொருத்தம்!

அவனிடம் நான் கண்ட நிதானம் இன்னும் சிறந்தது. ஓர் ஆட்டத்தில் தோற்றதனால் எச்சீட்டையும் அவன் விலக்குவதில்லை. கலைத்தெடுக்கும் கட்டில் ஒரு நாளின் தோல்வி தற்செயலாயிருக்கலாம். ஒரே வேளையில் பலவற்றை மாற்றுவதுமில்லை. மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்று தெரியாது.

ஆறு அளவு ஆற்றல் கேட்கும் பெருஞ்சீட்டு ஒன்று பல ஆட்டங்களில் அவன் கையில் முடங்கிக் கிடந்தது. அதனைக் கழிப்பான் என்றெண்ணினேன். அவனோ வேறு இரு சீட்டுகளை நீக்கி, 22 ஆக இருந்த நிலங்களை 24 ஆக்கினான். “குறை இதனிடம் இல்லை, ஃபாதர். இதற்கு வேண்டியதை நான் கொடுக்கவில்லை” என்றான்.

அக்காலத்தில் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய மூத்த மகன் இருமுறை கல்லூரியை இடையில் விட்டவன், எவ்வேலையிலும் நிலைக்காதவன். “இம்மாத இறுதியில் அவனை வீட்டைவிட்டு அனுப்பிவிடப் போகிறேன், ஃபாதர். இளையவர்களுக்கும் அவனால் கேடு” என்றார்.

“அவனோடு தனித்து அமர்ந்து கடைசியாக உணவருந்தியது எப்போது?” என்று கேட்டேன்.

நெடுநேரம் மௌனமாயிருந்தார். “நினைவில்லை” என்றார். சிறுவனின் பெருஞ்சீட்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. மாத இறுதி வந்தது. மகன் வீட்டிலேயே இருந்தான். அவன் பெருஞ்சாதனை எதுவும் புரிந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் ஞாயிறு திருப்பலிக்குத் தந்தையும் மகனும் ஒரே வண்டியில் வந்திறங்கக் கண்டேன்.

போட்டிகளில் கட்டுக்குப் புறம்பே 15 சீட்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம். ‘சைடுபோர்டு’ எனப்படும் அவை முதல் ஆட்டத்தில் இடம்பெறா. அடுத்த ஆட்டத்திற்கு முன் எதிரியின் போக்கறிந்து உள்ளே கொணரப்படும். முதலாட்டத்தில் வெளியே காத்திருந்ததே மறு ஆட்டத்தில் வெற்றி தருவதுண்டு.

எனினும் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. சீட்டைக் கழிக்கலாம், அது வருந்தாது. பழக்கங்களைக் கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். மதிப்பெண் குறைந்த மகளையும், சம்பாத்தியம் ஓய்ந்த முதியவரையும் அக்கணக்கில் சேர்க்க நமக்கு உரிமையில்லை. லூக்கா நற்செய்தியில் வரும் கனிகொடாத அத்திமரத்திற்காகத் தோட்டக்காரன் கேட்டது வேறொரு மரக்கன்றையன்று. இன்னும் ஓராண்டு அவகாசத்தையே. அந்த ஓராண்டும் அவன் வாளாவிருக்க எண்ணவில்லை; சுற்றிலும் கொத்தி எருவிட முன்வந்தான். நம் இல்லத்தில் கனி தராதவர் என்று நாம் கருதுபவரைச் சுற்றி இதுவரை எத்தனை முறை கொத்தினோம், எவ்வளவு எருவிட்டோம் என்று முதலில் எண்ணிப் பார்ப்போமாக.